காங்கோவுக்குப் போன இரண்டு பேர்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் காதில் மாட்டிக்கொண்டிருந்த ஹெட்போன் கனமானது. வேலை முடிந்து கழற்றிய பிறகும் அதன் அழுத்தம் செத்த நேரம் காதோரம் இருக்கும். ஒரு மத்தியானம் அதன் வழியே, இரைச்சலுக்கு நடுவே, நான் கேட்ட சில சொற்கள் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. மதுரையிலிருந்து ராணுவ அதிகாரி ஒருவர் திண்டுக்கல் தாலுகா ஆபீசுக்கு டிரங்க்கால் போட்டிருந்தார். இணைப்புக் கொடுத்தபின், லைன் சரியாக விழுந்ததா என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். “காங்கோ” என்றார் அவர். பிறகு ஒரு பெயர் சொன்னார். அது இரைச்சலில் போய்விட்டது. அடுத்து “வடமதுரை” என்றார். “தந்தி போறதுக்கு முன்னாடி ஆள் நேர்ல போய்ச் சொல்லிடணும்” என்றார். அதற்குமேல் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை.

வடமதுரையிலிருந்து காங்கோவுக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் அக்காவின் கணவர், என் அத்தான். இன்னொருவர் அவருடைய சிநேகிதர், ஊருக்கு வெளியே கிணற்றடித் தோட்டத்தில் கத்தரியும் தக்காளியும் போடும் குடும்பத்தின் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர், கல்யாணம் ஆகாதவர். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர்கள், அவர்கள் குலசாமிக்குப் பொங்கல் வைப்பவர்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன்பே கொரியாவுக்கும் காசாவுக்கும் நம் ஆட்கள் போயிருந்தார்கள். விடுதலை அடைந்த கையோடு காங்கோ தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு சிதற, அங்கே சண்டையை விலக்கப் பல நாட்டுப் படைகள் போயின. நம் நாடும் பெரிய படையை அனுப்பியது. சமாதானப் படையின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் நிற்கும் போட்டோ ஒன்று அக்கா வீட்டுக்கு வந்திருந்தது. ஊரில் அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம்தான். சுடத் தெரிந்தவனைச் சுடாமல் நிற்கச் சொல்லி எதற்கு அம்புட்டுத் தூரம் அனுப்பவேண்டும்? அக்காவுக்கும் அதற்குப் பதில் தெரியாது.

அடுத்த காலுக்கு விளக்கு எரிந்தும் நான் எடுக்காமல் இருந்ததை மேற்பார்வை அம்மா பார்த்துவிட்டார். கண்டிப்பான மனுஷி. விஷயத்தைச் சொன்னதும் என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, “பஸ்ஸைப் பிடி, போ” என்றார். தாலுகா ஆபீஸ் ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் நான் அக்காவிடம் இருக்கவேண்டும். அது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. போய் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

திருச்சி ரோட்டில் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திண்டுக்கல் மலைக்கோட்டை பின்னால் போய் மறைந்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து எங்களை முந்திக்கொண்டு போயிற்று. உள்ளே தோளில் டவாலி போட்ட தாலுகா ஆபீஸ் சேவகர் ஒருவரும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான், இனி எனக்கு முன்னால் அவர்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் அய்யலூர்ச் சந்தை. சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போன ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஜீப்பும் நின்றது, அதன் பின்னால் எங்கள் பஸ்ஸும் நின்றது. டிரைவர் ஆட்டுக்காரரிடம் ஏதோ கத்தினார். ஆடுகள் அவசரப்படவில்லை. என் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்க் கேட்டுவிடலாம். பஸ் கம்பியைப் பிடித்த என் கை அதை விடவில்லை.

வடமதுரையில் நான் இறங்கியபோது ஜீப் கடைவீதி முனையில் நின்று வழி விசாரித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் அக்கா இருக்கும் தெரு, வலப்பக்கம் தோட்டங்களுக்குப் போகும் வண்டிப்பாதை. கடைக்காரர் வெளியே வந்து கையை நீட்டினார். ஜீப் வலப்பக்கம் திரும்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. நான் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வந்தது. அது யாருடைய மூச்சை வாங்கிக்கொண்டு வந்தது என்பது எழுந்து நடக்கும்போதுதான் உறைத்தது.

அக்கா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் என்னைக் கண்டதும் முறம் கையிலேயே நின்றது. “அவரு இல்லக்கா” என்றேன் முதலில். பிறகு மீதியைச் சொன்னேன். அவள் அழவில்லை. கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, தோட்டத்துக்கு நடந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. சிநேகிதரின் அம்மா கத்தரிப் பாத்தியில் நின்றபடி, தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தி நிறைந்து வழிந்தது. அக்கா மண்வெட்டியை எடுத்து மடையை மாற்றிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

உடல் வரவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எப்படி இறந்தார் என்பதும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கடமையின்போது என்று மட்டும் சொன்னார்கள். அந்த அம்மா அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். “உம்புருசன் வரட்டும். அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.” அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவின் முகம் சுருங்கும். அத்தான் உயிரோடு வரவேண்டும் என்று ஜெபித்தவள், வந்து அந்த அம்மா முன்னால் நிற்கவேண்டுமே என்று பயந்தாள்.

அத்தான் வந்த அன்று பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளையோடு அக்காவும் நானும் காத்திருந்தோம். இறங்கியவர் பிள்ளையின் தலையைத் தடவினார். பெட்டியைக் கடையில் வைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினார். அக்கா தடுக்கவில்லை. நாங்களும் பின்னால் போனோம்.

அந்த அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. அத்தான் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார்.

“எம்மவன் கையில துப்பாக்கி இருந்துச்சாப்பா?”

“இருந்துச்சு ஆத்தா. தோள்ல கெடந்துச்சு.”

“பெறகு ஏன் சுடல?”

வீடிழந்து வந்த சனங்கள் தங்கியிருந்த முகாமுக்குக் காவல் நின்றதை அத்தான் சொன்னார். துப்பாக்கியோடு ஒரு கும்பல் வந்தது. அவர்கள் சுடாமல் நாம் சுடக்கூடாது என்பது உத்தரவு. பேசிப் பார்க்கலாம் என்று சிநேகிதர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி தூரம் போவதற்குள் சுட்டுவிட்டார்கள்.

அந்த அம்மா அவர் கழற்றிப் போட்ட பூட்ஸைப் பார்த்தார். பிறகு கேட்டார். “நீ என்ன செஞ்ச?”

அக்கா என் கையைப் பிடித்தாள். அத்தான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“சுட்டேன் ஆத்தா. ஒருத்தன் விழுந்தான். கிட்டப் போயிப் பார்த்தேன். மீசைகூட மொளைக்கல.”

“எம்மவன் இருந்தா ஒன்னையச் சுட விட்டுருப்பானா?”

“விட்டுருக்க மாட்டான்.”

அவர் எழுந்து உள்ளே போனார். இனி வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு செம்பு தண்ணீரோடு வந்து அத்தானிடம் நீட்டினார். அத்தான் குடிக்கும்போது பாதி அவர் சட்டையில்தான் சிந்தியது.

பட்டாளத்தை விட்டு வந்தபிறகு அத்தான் தன் நிலத்தோடு அந்தத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த அம்மா அவரை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஏர் ஓட்டும் நாளில் மட்டும் அவருக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தோடு சோறு அந்த வீட்டிலிருந்து வரும். அந்த அம்மா இறந்தபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அத்தான்தான். வேதக்காரன் தோள் கொடுப்பதா என்று சொந்தக்காரர்களில் ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள்.

குடியரசு நாளன்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போட்டால், சிநேகிதர் கையை விரித்துக்கொண்டு நடந்ததை மட்டும் அத்தான் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். தான் சுட்டதை மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் எங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூ வைத்த பிறகு, சுவரோரம் வெறும் தரையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார்.

இப்போது அவரும் அங்கேதான் இருக்கிறார். போன நவம்பரில் அக்காவோடு நானும் போயிருந்தேன். அவளுக்கு முதுகு வளைந்துவிட்டது. அத்தான் கல்லறையில் ஒன்றை ஏற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக் குனிந்து தரையில் இரண்டை ஏற்றினாள். காற்று அடித்தது, கையைக் குவித்து மறைத்தாள். அதில் சிநேகிதருக்கு எது, மீசை முளைக்காத அந்தக் காங்கோப் பையனுக்கு எது என்று கேட்டேன்.

“அதெல்லாம் அவரு சொல்லலடி” என்றாள் அக்கா.