மலையின் வலது கை

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் அவரை எல்லாரும் 'மலை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜை முதுகில் சாய்த்துக்கொண்டு ஒற்றை ஆளாக நான்கு மாடி ஏறிவிடுவார்.

ஐம்பது வயதில் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கனம் ஏறினால் விரல்கள் வேறு யாருடையவோ போல எங்கோ தூரத்தில் கிடந்தன. மலை யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு மதியம் வேனில் கண்ணயர்ந்தபோது ரேடியோவில் பழைய இஸ்ரவேல் கதை ஒன்று ஓடியது. வெறுங்கையால் சிங்கத்தைக் கிழித்த பலசாலி; செத்த சிங்கத்துக்குள் தேனீக்கள் கூடு கட்டினவாம். அரைத்தூக்கத்தில் மலையின் விரல்களுக்குள்ளும் தேனீக்கள் ரீங்கரித்தன. தன் பலமெல்லாம் தலைமுடியில்தான் என்று பலசாலி பிரியமானவளிடம் உளறினான், அவள் எதிரிகளிடம் காட்டிக்கொடுத்தாள்; அவர்கள் முடியை மழித்து, அவன் கண்களையும் பிடுங்கினார்கள். பெண்டாட்டியிடம் வாயே திறக்கக் கூடாது என்று விழித்ததும் முடிவு கட்டினார் மலை.

அவர் மனைவி தையல்காரி. கண்ணுக்கு எதுவும் தப்பாது. தம்ளர் நழுவியபோது கேட்டாள்.

"ஈரக் கை, வழுக்கிடுச்சு."

சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டியபோது கேட்டாள்.

"காஜா சின்னதா இருக்கு."

"நான் தைச்ச காஜாவையா சொல்றீங்க?"

மூன்றாம் முறை அவள் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு மதியம், ஜன்னல் திரை காற்றில் உப்பித் தணிந்துகொண்டிருந்தது. அவர் கையைத் தன் மடியில் வைத்து, ஊசி நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பார்த்திருந்த அவளுக்குத்தான் கண் கலங்கியது.

அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ரேடியோ கதை உட்பட.

"அந்தப் பலசாலி யாரையாவது, ஒரு கை பிடின்னு கேட்டானா?"

"கடைசில கேட்டான். சாஞ்சு நிக்கத் தூண் எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டச் சொன்னான்."

"எப்போ?"

"கண்ணு ரெண்டும் போனப்புறம்."

மறுநாள் காலை அவள் வேன் டிரைவருக்குப் போன் போட்டாள். மலைக்குச் சுர்ரென்று ஏறியது. "காட்டிக் குடுத்துட்டியே!"

"ஆமா, குடுத்துட்டேன்."

ஒல்லி டிரைவர், இரண்டு பேராகச் சாமான் தூக்கத் தோள்பட்டையில் மாட்டும் பட்டைகளோடு வந்து நின்றார். "போன வாரம் பீரோ உங்க பக்கம் சாஞ்சப்பவே தெரியும்ணே. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

கழுத்து நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் ஓய்வு. நான்கு விரல்களில் உணர்ச்சி திரும்பியது, சுண்டுவிரலில் வரவேயில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று. கனம் இறங்கும் கீழ்ப்பக்கத்தை டிரைவர் எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டியதும் வானம் கண்ணாடிக்குள் வந்து விழுந்தது. இருவரும் மேகங்களைச் சுமந்துகொண்டு தெருவைக் கடந்தார்கள்.

"பாத்துண்ணே, கல்லு."

"சரிப்பா," என்றார் மலை.