மேடையில் பேச்சியம்மாள் போட்ட காப்பி

போன செவ்வாய்க்கிழமை காலையில் சூரியநெல்லியிலிருந்து போன் வந்தது. பேச்சியம்மாளின் மகள் செல்வி பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாக. வெந்நி வைக்க எந்திரிச்சவுக அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாக." போடியிலிருந்து பஸ் பிடித்து மலையேறி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. அவருடன் நாடகம் போட்டவர்களில் நாலைந்து பேர்தான் இன்னும் இருக்கிறோம். அவர்களும், அந்தக் காலத்தில் எஸ்டேட் மைதானத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட் தொழிற்சாலையில் கிளார்க். பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறவர். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொழிலாளர் கிளப் சார்பில் நாடகம் போடுவோம். பொழுது சாய்ந்தால் யானை இறங்கிவிடும் என்பதால் நாலரை மணிக்குள் முடித்தாக வேண்டும். பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவோம்.

அந்த வருஷம் நான் எழுதியது ஒரு சூப்பர்வைசரைப் பற்றிய தமாஷ் நாடகம். யாரைப் பார்த்து எழுதினேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடாத கைக்கடிகாரத்தை நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டு, "ம், நடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாகத் திட்டிப் போகிற எங்கள் சூப்பர்வைசர்தான். அந்த வேஷம் கட்டவிருந்த முத்தையாவை அவர் தனியே கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் முத்தையா கழன்றுகொண்டான். வேறு யாரும் முன்வரவில்லை.

ஒத்திகை நடந்த கொட்டகை வாசலில் வந்து நின்றார் பேச்சியம்மாள். "நான் போடுதேன் அண்ணே." எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்து, மணிக்கட்டைப் பார்த்து, "ம், நடக்கட்டும்" என்று நாலு எட்டு நடந்தார். சிரித்தவர்களே கைதட்டினார்கள். அச்சு அசல் சூப்பர்வைசரேதான்.

எனக்குப் பயம் வந்தது. பேச்சியம்மாள் அப்போது தற்காலிகத் தொழிலாளி. பெர்மனென்ட் பட்டியலில் பேர் சேர்வது அதே சூப்பர்வைசர் கையில் இருந்தது. அதைச் சொன்னேன். "தெரியாமலா வந்தேன்?" என்றார். அவர் கணவர் சுப்பையா பாய்லரில் தீ போடுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரிடம் கேட்டதற்கு, "என் கால்சட்டை அவளுக்கு நீளமால்லா இருக்கும்?" என்று மட்டும் கவலைப்பட்டார். கீழே இரண்டு மடிப்பு மடித்து அவரே தைத்தும் கொடுத்தார்.

எப்படி இவ்வளவு சுலபமாகச் சிரிக்க வைக்கிறாய் என்று ஒத்திகையின்போது கேட்டேன். "சிரிப்பு வருதான்னு பாத்துக்கிட்டே செஞ்சா வராதுண்ணே. கொழுந்து எடுக்கப்ப விரலையா பாத்துக்கிட்டு இருக்கோம்? அதுபாட்டுக்குப் போகணும்" என்றார்.

நாடகத்தன்று அவர் மீசையும் தொப்பியுமாக மேடையேறியதும் மைதானம் அதிர்ந்தது. என் வேஷம் லீவு கேட்டு வருகிற தொழிலாளி. எனக்கே சிரிப்பு முட்டி வசனம் மறந்துபோனது. வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "லீவு எதுக்குன்னு மறந்திட்டியா? ம், நடக்கட்டும். ஞாபகம் வரதுக்கு ரெண்டு நாள் லீவு எடுத்துக்க!" நான் எழுதாத வசனம் அது. முன்வரிசையில் மேனேஜரே தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சியில் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகிறார். மனைவி விளக்குமாற்றை எடுத்து மேடை முழுக்க அவரை விரட்டி விரட்டி அடிக்கிறாள். நாடகத்திலேயே பெரிய சிரிப்பு இதுதான் என்று நம்பியிருந்தேன். மனைவி வேஷம் கட்டிய தங்கராசு விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு வந்தான். பேச்சியம்மாள் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றினார். விளக்குமாற்றை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தார்.

"வெளிய நான் கத்துதது போதாதா? இன்னைக்கு ஒரு நாளு நீ ஒக்காரு. நான் காப்பி போடுதேன்."

தங்கராசு திகைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அதன்பின் ஐந்து நிமிஷம், வாழ்நாளில் அடுப்படிப் பக்கம் போகாத ஒரு ஆள் காப்பி போடுகிற கூத்து. சர்க்கரை டப்பாவைத் தேடினார், விறகை ஊதி இருமினார், வேட்டி என்று நினைத்துக் கால்சட்டையைத் தூக்கிக் கட்டப் பார்த்தார். மைதானம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

எனக்கு மட்டும் கோபம். திரை விழுந்ததும், "கடைசிக் காட்சியைக் கெடுத்துட்டியே பேச்சி!" என்று கத்தினேன். அவர் மீசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "மூணாவது வரிசையில சூப்பர்வைசர் சம்சாரம் இருந்தாகளே, பாத்தீகளா? கன்னம் வீங்கியிருந்துச்சு. இங்க அவரு விளக்குமாத்தால அடி வாங்குனா நாம சிரிச்சிட்டுப் போயிருவோம். வீட்டுல அத யாருண்ணே வாங்கணும்?"

அந்த வீட்டில் அடிவாங்குவது யார் என்று தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருந்தேன்.

அந்த வருஷப் பட்டியலில் பேச்சியம்மாள் பேர் வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. கொழுந்து எடுக்கச் செங்குத்தான பீல்டாகப் பார்த்து அவரை அனுப்பினார்கள். என்னால்தானே என்று ஒருநாள் வருத்தப்பட்டேன். "நான் கேட்டு வாங்குன வேசம். நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதீக?" என்றார். சூப்பர்வைசர் மாற்றலாகிப் போன பிறகுதான் வேலை உறுதியானது. அந்த மனிதர் திருந்தினாரா என்று எனக்குத் தெரியாது. ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று, சாமான் ஏற்றிய லாரியை நிறுத்தச் சொல்லி அவர் மனைவி இறங்கிவந்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றதைப் பார்த்தேன்.

அதன்பின் பேச்சியம்மாள் எட்டு நாடகங்களில் ஆம்பிளை வேஷம் கட்டினார். நான் இன்றும் கோயில் விழாவுக்கும் சங்கத்துக்கும் தமாஷ் நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒருமுறை மனசுக்குள் கூட்டத்தோடு போய் உட்கார்ந்து பார்க்கிறேன். இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயப்படுகிற ஆள் யாராவது இங்கே இருக்கிறாரா? இருந்தால், எவ்வளவு கைதட்டல் கிடைக்கிற காட்சியானாலும் கோடு போட்டு அடித்துவிடுகிறேன். பேச்சியம்மாளிடமிருந்து வந்து என்னிடம் இருப்பது அதுதான்.