ஒஹாயோவில் பெரியம்மா போட்ட வாக்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அமெரிக்காவின் ஜனாதிபதியை என் பெரியம்மாதான் தெரிவு செய்யப்போகிறார் என்று ஒரு பகல் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு அப்பாதான் காரணம்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்த பிறகு ஒஹாயோ மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைசெய்து தன் ஒரே மகனை வளர்த்தார். அந்த அண்ணா, கல்லூரிப் படிப்புச் செலவை இராணுவம் பார்த்துக்கொள்ளும் என்பதற்காக அதில் சேர்ந்தார். படிப்புத் தொடங்குமுன் ஈராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய கோடையில் அவர் லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் வந்து நின்று, டிராம் பாதைக்கு அருகிலிருந்த புல்வெளியில் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினார். அவருடைய ஒரு சப்பாத்துக்குள் என் இரண்டு கால்களும் போகும்.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் நவம்பர். இருக்கிற ஜனாதிபதி தோற்றால் யுத்தம் நிற்கும், யுத்தம் நின்றால் அண்ணா வீட்டுக்கு வருவார். இதுதான் அப்பாவின் கணக்கு. எங்கள் வீட்டில் வேறு கணக்கு இருக்கவில்லை. அம்மா அண்ணாவின் படத்தை மடு மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார். மாலைச் செபமாலையின் முடிவில் அமெரிக்க ஜனாதிபதியின் தோல்வியும் எங்கள் வேண்டுதல்களில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ஒருவர் தோற்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்கலாமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் முழங்காலில் நிற்கும்போது கேள்வி கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பெரியம்மாவுக்கு அந்த ஆண்டுதான் குடியுரிமை கிடைத்திருந்தது. வாழ்க்கையில் அவர் போடும் முதல் வாக்கு. யாழ்ப்பாணத்தில் அவர் இருந்த காலத்துத் தேர்தல்களில் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதே புத்தியாக இருந்ததாம்.

தேர்தலுக்கு மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு வந்தபோது, இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார். திரையில் அமெரிக்க வரைபடம் சிவப்பும் நீலமுமாக நிறைந்திருந்தது. ஒஹாயோவுக்கு மட்டும் இன்னும் நிறம் அடிக்கவில்லை.

“எல்லாம் இனி ஒஹாயோவின்ரை கையிலைதான்,” என்றார் அம்மாவிடம். “அது சொல்லுறதுதான் முடிவு.”

ஒஹாயோவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

“பெரியம்மா இன்னும் சொல்லேல்லையே அப்பா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லை,” என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வகுப்பில் என் சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். உலகமே காத்திருக்கிறது, உன் பெரியம்மாவைக் கொஞ்சம் கெதியாக யோசிக்கச் சொல் என்றாள் அவள். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. அன்று கணக்குப் பாடத்தில் ஒன்றும் ஏறவில்லை. பெரியம்மா சாப்பாட்டு மேசையில் தனியே இருந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசிப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

திரும்பி வந்தபோது அப்பா இன்னும் படுக்கவில்லை. எழும்பி யன்னலுக்குப் போவார், திரும்பி வந்து இருப்பார், சானலை மாற்றுவார், பிறகு பழைய சானலுக்கே வருவார். அம்மா மூன்றாவது தடவையாகத் தேநீர் போட்டு மூன்றாவது தடவையாகக் குடிக்க மறந்திருந்தார். காலையிலிருந்து பெரியம்மாவுக்கு அழைத்துக்கொண்டே இருந்தாராம், பதில் இல்லை.

“மச்சாள் எங்கை போனவ?” என்றார் அப்பா.

“நித்திரையாக்கும். அங்கை இன்னும் காலமைதானே.”

“இண்டைக்கு நித்திரை வருமே ஒரு மனிசருக்கு?”

வெளியே இருட்டத் தொடங்கிய நேரத்தில் செய்தி வந்தது. இருக்கிற ஜனாதிபதியை எதிர்த்து நின்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டாராம். ஒஹாயோ சிவப்பாகிவிட்டது. அப்பா ரிமோட்டைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். அம்மா மாதாவின் பக்கம் திரும்பவேயில்லை. அதே நேரம் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் நின்ற நான் எடுத்தேன்.

“குஞ்சு, நான் பெரியம்மா. பள்ளிக்கூடத்தாலை வந்திட்டியே?”

“பெரியம்மா, நீங்கள் வோட்டுப் போட்டனீங்களோ?”

“ஓமடா. நேற்று மழைக்குள்ளை வரிசையிலை நிண்டனான். இஞ்சை எங்கடை ஊர் மாதிரிப் பேப்பரிலை புள்ளடி கீறுறேல்லை. ஊசி மாதிரி ஒண்டாலை மட்டையிலை குத்தவேணும்.”

“ஆருக்குக் குத்தினனீங்கள்?”

பெரியவர்கள் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தார்கள்.

“இப்ப இருக்கிறவருக்குத்தான்.”

“அப்ப அண்ணா வரமாட்டாரோ?”

“வருவான். போன கிழமை கதைச்சவன். ‘அம்மா, நான் சும்மாவே இஞ்சை நிக்கிறன்?’ எண்டு கேட்டவன். அப்பிடிக் கேட்ட பிள்ளைக்கு, ஓம், சும்மாதான் நிக்கிறாய் எண்டு நான் எப்பிடியடா குத்திக் காட்டுறது?”

எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றுதான்: ஒஹாயோ சொன்னதும் பெரியம்மா சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. நான் நினைத்தது சரி. தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“அப்பா! பெரியம்மா வெண்டிட்டா! அவருக்குத்தான் போட்டவவாம்!”

அப்பா கதிரையிலிருந்து எழும்பினார். “விசரே அவவுக்கு? பெத்த பிள்ளையை அங்கை விட்டிட்டு...”

அம்மா கையை உயர்த்தினார். அவ்வளவுதான். அப்பாவின் வசனம் பாதியில் நின்றது. எதைப் பற்றியும் யாரோடும் வாதாடக்கூடிய அப்பா, அந்த வசனத்தின் மிச்சத்தைப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அண்ணா ஊர் திரும்பி, பெரியம்மாவோடு எங்களிடம் வந்தபோதும் சொல்லவில்லை. அண்ணாவுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் பெரியம்மா எப்போதும் அவருடைய வலப்பக்கத்தில் இருந்தார்.

ஆனால் அன்று மாலை இதெல்லாம் இன்னும் நடந்திருக்கவில்லை. அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பெரியம்மா அழுகிறாரா, கதைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அம்மா, “சாப்பிட்டனியே அக்கா?” என்று கேட்டார்.

பிறகு, “முட்டையையாவது பொரிச்சுச் சாப்பிடு. ஹீட்டரைப் போட்டு வை, நேற்று நனைஞ்சிருக்கிறாய்,” என்றார்.

தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியம்மா யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, முன்பைவிடச் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.