ஓடுபாதையை விட்டு விலகாத மனுஷன்

என் வீட்டுக்காரரின் வேலை என்னவென்று சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். கல் பொறுக்குகிறார். போர்க்காலத்தில் குண்டு போடும் விமானங்களுக்காக அவசர அவசரமாகப் போட்ட கான்கிரீட் ஓடுபாதை அது. போர் முடிந்து பட்டாளம் கிளம்பிப் போனபிறகு, பறக்கக் கற்றுக்கொடுக்கும் கழகத்தின் குட்டி விமானங்கள்தான் அங்கே ஏறி இறங்குகின்றன. பழைய கான்கிரீட் ஆயிற்றே, பெயர்ந்து பெயர்ந்து சல்லியாகக் கிடக்கும். ஒரு சல்லி தெறித்தால் போதும், விமானத்தின் விசிறி பாழ். அதனால் தினமும் காலையில் வாளியோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார். ஓரத்துக்கு வந்து கையைத் தூக்கினால்தான் அங்கே எஞ்சினே கிளம்பும். வீட்டில் அதே கையால் ஒரு டம்ளரை எடுத்து வைக்கமாட்டார், அது வேறு கதை.

கழக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் மகள் அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்த வரைக்கும் இவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். முதல் தடவையாகத் தனியே பறக்கப்போகிறாள் என்றதும் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று காலை கல் பொறுக்கப் போனவர் ஓரத்துக்கு வரவே இல்லை. முனைவரை போனார், திரும்பினார், மறுபடி போனார். மகள் விமானத்தில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சியாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று, மகள் பறப்பதைப் பார்க்க வந்திருந்த என்னை அனுப்பினார். எனக்கு வந்ததே கோபம். விறுவிறுவென்று போய்ப் பார்த்தால் வாளியில் ஒரு கல்கூட இல்லை.

"என்ன பண்றீங்க இங்க? புள்ள காத்துக்கிட்டு இருக்கா."

அவர் நிமிரவில்லை. "நான் இங்க நிக்கிற வரைக்கும் அவ போகமாட்டால்ல?"

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாளும் நான் ஒருத்திதான் பயந்து சாகிறேன் என்று நினைத்திருந்தேன். கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிவந்தேன். தூக்குங்கள் என்றேன். கை பாதிதான் உயர்ந்தது. மீதியை நான் பிடித்து உயர்த்தினேன்.

அவள் மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை பிடித்த கையை நான் விடவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு குதி குதித்து, ஓடி நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் நேராக அப்பாவிடம் வந்தாள். காக்க வைத்துவிட்டேனே, கோபமா என்று கேட்டார் இவர்.

"இல்லப்பா. நீங்க அங்க நடந்துக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்குப் பயமே இல்ல. நீங்க விலகினப்புறந்தான் பயம் வந்துச்சு."

அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னால் அழுதார். அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை.