ராசா தின்ற பனங்கட்டி

குதிரை லாயத்தின் கடைசிக் கதவில் அன்று காலை ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பவள் நான். பிரெஞ்சு எழுத்து எனக்குச் சுவரில் ஊரும் எறும்புதான். பெரிய பந்தய நாளல்லவா, வாழ்த்தாக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே ராசா நின்றான்.

அவனுடைய உண்மையான பெயர் என் வாயில் நுழையாது. ராசா என்றால் காதைத் திருப்புவான். எனக்கு அது போதும். மொன்றியலுக்கு வந்த புதிதில் கிடைத்த முதல் வேலை, பந்தயத் திடலின் லாயத்தில் சாணம் அள்ளி வைக்கோல் விரிப்பது. கூட வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கிழமைக்குள் ஓடிவிட்டார்கள். நான் நின்றேன். பின்னால் பூட்டிய இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுனர் உட்கார்ந்திருக்க, குதிரை பாயாமல் விரைநடையிலேயே ஓடவேண்டிய பந்தயம் அது. ஊரில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி பார்த்து வளர்ந்தவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ராசா கடைசி வளைவு வரைக்கும் சோம்பலாகப் பின்னால் வருவான். பிறகு கழுத்தை நீட்டுவான், அவ்வளவுதான். ஒரு கோடை முழுவதும் அவன் தோற்கவேயில்லை. பத்திரிகையில் அவன் படம் வந்தது. ஓரத்தில் கயிற்றைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. முகத்தை வெட்டிவிட்டார்கள்; கை இருக்கிறதே.

எங்கள் வீட்டில் ஒருவரையும் வெறும் வயிற்றோடு வழியனுப்புவதில்லை. சோதனை எழுதப் போகிற பிள்ளையானாலும் கடலுக்குப் போகிற மனிதரானாலும் ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அன்று ராசாவின் தீனித் தொட்டி வெறுமையாக இருந்தது. மனம் கேட்கவில்லை. அக்கா ஊரிலிருந்து அனுப்பிய பனைவெல்லம், அந்தப் பனங்கட்டியில் பாதியை உடைத்து நீட்டினேன். என் உள்ளங்கையையும் சேர்த்து நக்கினான்.

பின்னேரம் கடைசி வளைவில் கழுத்தை நீட்டியவன் அப்படியே மடிந்து விழுந்தான். வண்டி கவிழ்ந்தது. ஓட்டுனர் எழுந்துவிட்டார். ராசா எழவில்லை. மறுநாள், லாயத்தில் வேலை செய்த பிரெஞ்சுப் பெண் ஒருத்தி அந்த அட்டையைக் கழற்றும்போது, வாயில் கையை வைத்து, விரலை ஆட்டிக் காட்டினாள். தின்ன ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்ததாம்.

அன்றே வேலையை விட்டுவிட்டேன். காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாதா கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபத்தைச் சொல்வேன், பொய்யைச் சொல்வேன். இதை மட்டும் விழுங்கிவிடுவேன். சுவாமியார் மன்னித்தாலும் செத்த சீவன் மன்னிக்குமா?

இந்த வருஷம் கண் காட்டுவதற்காக மருமகளோடு கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எதிரே சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் என்னையே பார்த்தார். பிறகு, "மதாம் ராசா!" என்று கத்தினார். அந்த ஓட்டுனர்தான். மருமகளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லு. ஒண்டையும் மறைக்காதை" என்று மருமகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சொல்லி முடித்ததும் மனுஷன் இருமல் வரும்வரை சிரித்தார்.

"மாமி, ராசாவின்ரை நெஞ்சுக்குள்ள பெரிய இரத்தக் குழாய் வெடிச்சதாம். குதிரை டொக்டர் அறுத்துப் பாத்துச் சொன்னவராம். பிறவியிலேயே இருந்த பலவீனமாம். பனங்கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

"அப்ப அந்த அட்டை?"

"அட்டையைக் கொழுவின முதலாளியே களவாக் கரட் குடுக்கிறவராம். இவர் அப்பிளாம். அந்தக் குதிரை ஒரு நாளும் பசியோட ஓடினதில்லையாம்."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேள்."

"சொல்லுறதுக்கு நீங்கள் அங்கை நிண்டால்தானே எண்டுறார்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். கனத்த பையை வாசலில் இறக்கி வைத்ததுபோல உடம்பு இலேசாக இருந்தது. ராசாவை நினைக்கும்போதெல்லாம் இத்தனை காலமும் என் குற்றம்தான் முன்னால் வந்து நின்றது. அவன் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டான். இப்போது அது விலகியது. எவ்வளவு அழகன் அவன். கண்ணீர் தானாக இறங்கியது.

"ஏன் மாமி அழுறியள்? நல்ல செய்திதானே?"

"ஓம் பிள்ளை, நல்ல செய்திதான். இவ்வளவு காலமும் எனக்காகப் பயந்துகொண்டு இருந்திட்டன். இண்டைக்குத்தான் அவனுக்காக அழுறன். அழ விடு."