ஆடி மாதமும் ஏழு குடித்தனமும்

எனக்கு அவளைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

தஞ்சாவூரில் புதாற்றுக் கரையை ஒட்டிய காம்பவுண்டு ஒன்றில் வரிசையாக ஏழு வாடகை வீடுகள். முதல் வீட்டில் நான். கணவர் போன பிறகு ரவிக்கை தைத்தே மகளை ஆளாக்கியது அந்த வீட்டில்தான். இருப்பதிலேயே பழைய குடித்தனம் என்பதால் தண்ணீர் மோட்டார் சாவி என்னிடம் இருக்கும். யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் என் வாசலில் வந்து "அக்கா" என்று குரல் கொடுக்க வேண்டும். அது ஒரு சுகம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கடைசி வீட்டுக்கு அவள் குடி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். வந்த கொஞ்ச நாளிலேயே காம்பவுண்டு முழுக்க 'சிஸ்டர், சிஸ்டர்' என்று ஒரே பாட்டு. பிள்ளைக்குக் காய்ச்சலா, சிஸ்டர். மாமியாருக்குச் சுகர் பார்க்கணுமா, சிஸ்டர். சரி, அது அவள் தொழில், விட்டுத் தள்ளலாம். ஆனால் இரண்டாம் வீட்டுப் பூக்காரி இருக்கிறாளே, அவள் மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எனக்குத்தான் வரும். ஒருநாள் அந்தக் கிண்ணம் என் பக்கம் திரும்பாமல் நேரே கடைசி வீட்டுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயிறு எரிந்தது பாருங்கள், அன்றைக்கு மோட்டாரைப் போடவே மறந்துவிட்டேன்.

அந்த வீடுகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மேல்தளம் விரிசல் விட்டு, காரை பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டால் பாத்திரங்களெல்லாம் அடுப்பில் இருக்காது, தரையில் இருக்கும். ஏழு வீட்டுக்கும் கொல்லையில் இரண்டே கக்கூஸ். அதில் ஒன்றுக்குக் கதவு சாத்தாது. உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் உண்டான பிறகுதான் தாங்க முடியவில்லை. அவளைத் திருவிடைமருதூரில் கொடுத்திருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊருக்கே தெரிந்த முறை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மகளை அழைத்து வர வேண்டியவள் நான். சம்பந்தியம்மா போனில் தேனொழுகப் பேசினார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீடு ஒழுகுது, பாத்ரூமுக்கு மழையில கொல்லைக்குப் போகணும். பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு எப்படி? இங்கயே பாத்துக்குறோம்." போனை வைத்த பிறகு அன்று முழுக்க நான் ஒரு தையல் போடவில்லை. பெற்ற மகளின் முதல் பிரசவத்தைச் சம்பந்தி வீட்டுக்கு விட்டுக்கொடுத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு நான் எப்படி வெளியே தலை காட்டுவது?

வீட்டு ஓனர் திருவையாற்றுப் பக்கத்து மிராசு குடும்பம். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நான்தான் போவேன். உட்காரச் சொல்வார், காப்பி கொடுப்பார்கள். தளத்தைப் பற்றி மெதுவாக ஆரம்பிப்பேன். "பாக்கலாம்மா. மத்தவங்க யாரும் எதுவும் சொல்லலியே, நீங்க மட்டும்தான் சொல்றீங்க" என்பார். என்னிடம் மட்டும் மனம் விட்டுப் பேசுகிறார் என்று பெருமையோடு பஸ் ஏறுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் எல்லோரையும் கொல்லையில் கூட்டினாள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த அதே சேலை, மாம்பழ மஞ்சள், கறுப்பு பார்டர். பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. ஓனர் உங்களிடம் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டாள், அவ்வளவுதான். "நீங்க மட்டும்தான் கேக்குறீங்கன்னாரு" என்றாள் பூக்காரி. மூன்றாம் வீட்டிலும் அதே பதில், நான்காம் வீட்டிலும் அதே. சிரிப்பு கிளம்பிவிட்டது. என் முறை வந்தது. "எனக்கும் அதைத்தான் சொன்னார்" என்று சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் நாலு பேரை உட்கார வைத்து இதை ஒரு தடவை கேட்டிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேனே! நேற்று வந்தவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த தடவை ஓனர் வந்தபோது ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய் நின்றோம். நர்ஸ்தான் பேசினாள். "தளம் போடணும், வீட்டுப் பக்கத்துலயே பாத்ரூம் கட்டணும். ஜூலை கடைசிக்குள்ள வேலை ஆரம்பிக்கலேன்னா ஏழு வீட்டையும் ஒண்ணா காலி பண்ணிருவோம் சார். எங்க சபையோட பழைய ஹாஸ்டல் காலியாதான் கெடக்கு. கேட்டு வச்சிருக்கேன்." எல்லோரும் "ஆமா, ஆமா" என்றோம். ஓனர் என் வீட்டு வாசல் சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு பார்வை பார்த்தார். "ஜூலை கடைசியா? தாராளமா காலி பண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் பூக்காரி வாயில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, ஜூலை கடைசின்னா ஆடியில்ல!"

ஆடியில் யாராவது குடி போவார்களா? கிறிஸ்தவப் பெண், அவளுக்கு இங்கிலீஷ் மாதம்தான் கணக்கு. மற்ற ஆறு பேருக்கும் என்ன வந்தது? எனக்கு என்ன வந்தது? ரவிக்கைத் துணி வெட்டுவதற்கே நாள் பார்க்கிறவள் நான். அவள் எப்படிப் பேசுகிறாள், எப்படிக் கையை ஆட்டுகிறாள், எல்லோரும் எப்படி வாயைப் பிளந்து கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்ததில் மாதத்தைக் கோட்டை விட்டுவிட்டேன்.

நர்ஸ் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்டாள். "எனக்குத் தெரியாமப் போச்சுக்கா. தப்பு என்னுதுதான்." உடனே எல்லோரும் உருகிவிட்டார்கள். எவ்வளவு நல்ல மனசு, தப்பை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு வரும் என்று அன்றெல்லாம் அதே பேச்சு. தப்புப் பண்ணினாலும் அவளுக்கு மாலை. நான் சரியாகச் செய்ததற்கே ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை.

சொன்ன நாள் வந்தது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டு வாசலில் மட்டும் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. "நீங்க யாரும் சங்கடப்படாதீங்க. சொன்ன சொல்லுக்கு நான் மட்டும் கெளம்புறேன்" என்றாள். பூக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க ஓனரும் வந்திருந்தார். நேரே என் வீட்டுக்குள் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தம்மா போகட்டும்மா. அவங்களுக்கு ஆடியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அவங்க போனா எல்லாம் அடங்கிரும். ஆவணி பொறந்ததும் உங்க வீட்டுக்கு மட்டும் தளம் போட்டு, பின்னாலயே ஒரு பாத்ரூமும் கட்டித் தர்றேன். பொண்ணு வர்ற நேரம் பாருங்க. வெளிய சொல்ல வேணாம்."

யோசித்துப் பாருங்கள். நான் கும்பிட்ட சாமியே எதிரில் நின்று கேட்டதுபோல இருந்தது. மகளும் வருவாள், அவளும் ஒழிவாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் வெளியே பூக்காரி அழுகிற சத்தம் கேட்டது. "எங்களுக்காகப் போறீங்களே சிஸ்டர்!" இவள் இன்றைக்கு இப்படிப் போனால் அவ்வளவுதான். இனி ஒவ்வொரு மழைக்கும் மற்ற ஐந்து வீட்டிலும் 'சிஸ்டர் இருந்திருந்தா' என்றுதான் புலம்புவார்கள். அவளை இந்தக் காம்பவுண்டில் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். ஒழுகாத வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் அதைச் சாகும் வரை கேட்க வேண்டும். அவள் மட்டும் தியாகி, நான் யார்? முடியாது. அந்தப் பேரை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு போக நான் விட மாட்டேன்.

சாமி மாடத்திலிருந்து காமாட்சி விளக்கை எடுத்தேன். மறு கையில் உப்பு ஜாடி. குடி போகும்போது முதலில் தூக்குவது இந்த இரண்டையும்தான்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?" என்று ஓனர் பதறினார்.

"குடி போறேன்."

"ஆடியிலயா? நீங்களா?"

வாசலில் இறங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "ஆமா, ஆடியிலதான்! ஆடியில ஏழு குடியும் வெளக்கத் தூக்கிக்கிட்டுப் போன வீடுன்னு ஊரு பூரா பேரு வாங்கிக்கிட்டு நீங்க நிம்மதியா இருங்க. அப்புறம் ஆவணியில எவன் வந்து இங்க பால் காய்ச்சுறான்னு பாப்போம்!"

பிறகு பூக்காரி விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் விளக்கோடு வந்தாள். அப்புறம் மூன்றாம் வீடு, நான்காம் வீடு. ஓனருக்கு முகத்தில் ஈயாடவில்லை. விளங்காத வீடு என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் தஞ்சாவூரில் அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? "உள்ள போங்க, எல்லாரும் உள்ள போங்க, மொதல்ல வெளக்க எறக்கி வைங்க" என்று கும்பிட்டார். அங்கே நின்றபடியே கொத்தனாருக்குப் போன் போட்டார். அடுத்த வாரமே சாரம் கட்டினார்கள். ஏழு வீட்டுத் தளத்தையும் கொத்தி எடுத்துப் புதிதாகப் போட்டு, மேலே தண்ணீர் இறங்காதபடி தட்டோடு பதித்தார்கள். வீட்டுக்கு ஒரு பாத்ரூம் பின்சுவரை ஒட்டியே வந்தது.

எனக்கு என்ன கிடைத்தது என்கிறீர்கள்? ஓனர் போன கையோடு பூக்காரி ஓடிப்போய் நர்ஸைக் கட்டிக்கொண்டாள். "எங்க அக்காவயே ஆடியில அசைய வச்சிட்டீங்களே சிஸ்டர்!" அந்த மகராசி சும்மா இருந்தாளா? "நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் அக்காதான்" என்றாள். "பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்றார்கள்.

ஆவணியில் வளைகாப்பு நடந்தது. சம்பந்தியம்மா முன்னதாகவே வந்து தளத்தை அண்ணாந்து பார்த்தார்கள், பாத்ரூமில் குழாயைத் திறந்து பார்த்தார்கள், பிறகு மகளை என்னோடு அனுப்பினார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளும் விடாமல் கொட்டியது. தளத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. மகள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நான் அவள் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஆடியில நீ வெளக்கத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னியாமே? பூக்காரக்கா சொன்னாங்க."

"ஆமாடி" என்றேன். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. பெற்ற மகளாவது கேட்டாளே.

"வயித்துல பிள்ளைய வச்சிருக்கேன் நான். அதை நெனச்சியா? ஏதாவது ஆச்சுன்னா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "உனக்கு ஏம்மா அந்த வேலை? வீட்டு விஷயத்தையெல்லாம் சிஸ்டர்தான் பேசி முடிச்சிட்டாங்கல்ல."

என்னென்னவோ நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிறைமாசக்காரியிடம் எதைச் சொல்ல? அவள் பயந்து போயிருந்தாள். அவள் என் வீட்டில் படுத்திருந்தாள்.

"தப்புதான்டி" என்றேன்.