அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு

நுரையீரல் மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண் அப்பாவிடம்தான் கேட்டாள். "ஐயா, மூச்சு கொஞ்சம் சரியானா இன்னா செய்யணும்னு ஆசை?"

அப்பா யோசிக்கவே இல்லை. "கல்லறைத் திருநாளுக்கு எம் பொண்டாட்டி கல்லறைக்கு நானே சுண்ணாம்பு அடிக்கணும்மா. ரெண்டு வருசமா இவன்தான் அடிக்கிறான். திட்டுத்திட்டா அடிக்கிறான்."

நான் அவரைப் பேச விட்டால்தானே. "அதெல்லாம் வேணாம்மா. மாடிப்படி ஏறணும், ஆறு நிமிசம் நிக்காம நடக்கணும்னு எழுதிக்குங்க" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் எப்போதும் எல்லாம் தெரியுமே.

மில் பஞ்சும் பீடியும் தின்றதுபோக மிஞ்சிய நுரையீரலை வைத்துக்கொண்டு அப்பா தினமும் நடந்தார். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சு விடுவார். முதல் வாரம் எதிர்வீட்டு கேட் வரை. ஆடி கழிந்தபோது ரேஷன் கடை வரை. ஐப்பசியில் மாதா கோயில் வாசலைத் தொட்டுவிட்டார். நான் எழுதச் சொன்னதற்காகத்தான் நடக்கிறார் என்று வில்லியனூர் கடைத்தெரு வரைக்கும் பீற்றிக்கொண்டேன்.

திருநாளுக்கு முந்தின நாள், சுண்ணாம்பு நெடி அவருக்கு ஆகாதே என்று, காலையிலேயே ஆள் வைத்து அடித்து முடித்தேன். அவரிடம் சொல்லவில்லை. மதியம் வேலை முடிந்து வந்தால் வீட்டில் அவர் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன்.

வெள்ளை வெளேரென்றிருந்த அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் புது பிரஷ். காலடியில் சின்ன பக்கெட்டில் கரைத்த சுண்ணாம்பு. அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை இடத்தில் நின்று நின்று வந்தாரோ, தெரியாது.

"ஒனக்கு மூச்சுக்கு ஆவாதுன்னுதான்பா..."

"நல்லாத்தான்டா அட்ச்சிருக்கான்" என்றார். "திட்டு இல்ல."

மறுநாள் மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வந்தபோது அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு நடக்கவும் இல்லை. கெஞ்சினேன், திட்டினேன், காலில்கூட விழுந்தேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அதே பெண் குனிந்து, "இப்ப இன்னா செய்யணும்னு ஆசைப்படறீங்க, ஐயா?" என்று கேட்டாள்.

"அவன கேளும்மா" என்றார் அப்பா.

அவள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.